பக்கம் என்கிற லிஃப்ட்காரர்

அந்த ஆஸ்பத்திரியின் சம்பளப் பட்டியலில் அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் இருந்தது. மற்றபடி வாசல் காவலர் முதல் பெரிய டாக்டர் வரை எல்லாருக்கும் அவர் 'பக்கம்'. யாராவது லிஃப்ட்டுக்குள் அவசரமாக நுழைந்து "சீக்கிரம் மேல போங்க" என்றால், கையிலிருக்கும் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே, "போயிடலாம், ஒரு பக்கம்தான் பாக்கி" என்பார். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர்கள் தினமும், "என்ன பக்கம், இன்னிக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்பார்கள். "மேல் பக்கம்" என்பார். இருபத்துமூன்று வருடமாக அதே கேள்வி, அதே பதில். இரண்டு தரப்புக்கும் அலுக்கவில்லை.

அவர் ஓட்டியது மூன்றாம் எண் லிஃப்ட். முதல் இரண்டும் டாக்டர்களுக்கும் பார்வையாளர்களுக்கும். மூன்றாவது, ஸ்ட்ரெச்சருக்கு மட்டும். ஏழடி நீளம், ஐந்தடி அகலம். இழுத்து மூடும் கம்பிக்கதவு, மூலையில் ஒரு மர ஸ்டூல், மேலே கைப்பிடி அளவுக்கு ஒரு ஃபேன், ஒரு டியூப் லைட். ஆறாம் மாடியில் ஆபரேஷன் தியேட்டர். தரைக்குக் கீழே சலவைப் பிரிவும் பிணவறையும். எந்தத் தளத்துக்குப் போக வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. படுத்திருப்பவரின் முகத்தைத் துணி மூடியிருக்கிறதா இல்லையா என்று பார்த்தாலே போதும்.

அந்த வேலையில் சேரும்போது அவருக்கு இருபத்தேழு வயது. அதற்கு முன்பு எட்டு வருடம் தகர டப்பா செய்யும் கம்பெனியில் அச்சு மெஷின் முன்னால் நின்றவர். அந்தச் சத்தத்தில் இடது காது பாதி போய்விட்டது. லிஃப்ட் வேலை கிடைத்ததும், சத்தமில்லாத உத்தியோகம் என்று சந்தோஷப்பட்டார். சத்தம் வேறு ரூபத்தில் வரும் என்று அப்போது அவருக்குத் தெரியாது. ஆறு மாடி ஏற ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். அந்த ஒரு நிமிடத்தில், அவருடைய முழங்கையை உரசிக்கொண்டு, மனிதர்கள் அழுவார்கள். ஒருவரையொருவர் குற்றம் சொல்வார்கள். 'நேத்தே கூட்டிட்டு வந்திருக்கணும், நீதான் பேச்சைக் கேக்கல.' போனில் யாரையோ கெஞ்சுவார்கள். அதெல்லாம் அவரோடு வீட்டுக்கு வந்தது. சோற்றுத்தட்டின் முன்னால் உட்கார்ந்தால் காலையில் ஏற்றிக்கொண்டு போன குழந்தையின் கால் கண்ணெதிரே நிற்கும். முதல் வருடத்திலேயே ஆள் பாதியாக இளைத்துப் போனார்.

அந்த வருடக் கடைசியில் யாரோ ஒரு நோயாளி ஸ்ட்ரெச்சரில் விட்டுப்போன புத்தகம் ஒன்று ஸ்டூலுக்குக் கீழே ஒரு வாரம் கிடந்தது. அட்டை இல்லை, கேட்டும் யாரும் வரவில்லை. அதுவரை பேப்பர் தவிர எதையும் படித்துப் பழக்கமில்லாதவர், ஒரு மதியம் சும்மா புரட்டினார். மலைப்பாதையில் கழுதைகளோடு உப்பு ஏற்றிப் போகிறவனின் கதை. ஐந்து நிமிடம் கழித்து மணி அடித்தபோது, தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று அவருக்கு ஒரு விநாடி புரியவில்லை. அந்த ஒரு விநாடிதான் அவரைப் பிடித்துக்கொண்டது. பிணவறைக்கு ஒரு ஸ்ட்ரெச்சரை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து தாளை விரித்தால், மலையில் பனி இறங்கிக்கொண்டிருக்கும். அன்று வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு நடைபாதைக் கடைகளில் பழைய புத்தகம் வாங்கத் தொடங்கினார். கிழிந்தது, நனைந்தது, கடைசிப் பக்கங்கள் இல்லாதது என்று கடைக்காரர்கள் ஓரமாக ஒதுக்கிப் போட்டவைதான் அவருக்கு வாய்க்கும். வாங்கியதும் முதுகுத் தையலைப் பிரித்துவிடுவார். பதினாறு பதினாறு பக்கமாகப் புத்தகம் கழன்று வரும். ஒரு நாளைக்கு ஒரு கட்டு, யூனிஃபார்ம் பையில் மடித்து வைக்கக் கச்சிதமாக இருக்கும். மணி அடித்தால் மடித்து வைப்பார், இறக்கிவிட்டால் விரிப்பார். இருபத்துநான்கு வருடத்தில் ஒரு மணியைக்கூட அவர் காத்திருக்க வைத்ததில்லை. முடிவு இல்லாத புத்தகங்களுக்கு அவரே முடிவு யோசித்துக்கொள்வார். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி, ஒரே கதைக்கு இரண்டு மூன்று முடிவு வைத்திருப்பார். எது சரி என்று தீர்மானிப்பதற்குள் அவருடைய நிறுத்தம் வந்துவிடும்.

வீட்டில் படிக்க இடமில்லை. லேத் பட்டறைக்கு மேலே ஒன்றரை அறை. காலை எட்டு மணிக்குக் கீழே இரும்பு கடையத் தொடங்கினால் தண்ணீர்க் குடத்தில் அலை அடிக்கும். மனைவி பள்ளிச் சீருடைகள் தைப்பவர். மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கச் சுவருக்கு அப்பால் யாரோ டிவி, மறு பக்கச் சுவருக்கு அப்பால் யாரோ சண்டை. ஜன்னலைத் திறந்தால் பஸ் ஹாரன். இத்தனை பெரிய நகரத்தில் அவருக்கென்று வாய்த்த ஒரே தனியறை, தினமும் நூற்றுக்கணக்கான பேர் ஏறி இறங்கும் அந்த இரும்புப் பெட்டிதான்.

கட்டிலுக்கு அடியில் சாக்கு சாக்காகப் புத்தகக் கட்டுகள் சேர்ந்தன. "ஒருத்தர் குடிக்கிறாங்க, ஒருத்தர் சீட்டாடுறாங்க, இவர் படிக்கிறார். வீட்டுல ஆள் இருந்தும் இல்லங்கறதுல எல்லாம் ஒண்ணுதான்" என்று மனைவி பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வது அவர் காதில் விழும். கேட்கும் காது பக்கமாகவே பார்த்துச் சொல்வார். அவர் மறுத்துப் பேசியதில்லை. உண்மைக்கு என்ன மறுப்பு?

அவர் வேலைக்குச் சேர்ந்த இருபத்துநான்காம் வருட மழைக்காலத்தில் லிஃப்ட் தகராறு செய்ய ஆரம்பித்தது. நான்காம் மாடி தாண்டியதும் ஒரு குலுக்கு குலுக்கி, யோசித்து, அப்புறம் ஏறும். அவர் புகார்ப் புத்தகத்தில் எழுதினார். ஒரு தடவை இல்லை, ஏழு தடவை, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு. பராமரிப்பு கம்பெனி மாறிக்கொண்டிருந்த நேரம் அது. பழைய ஆட்கள் போய்விட்டார்கள், புது ஆட்கள் வரவில்லை. கட்டடப் பொறியாளரை நேரில் போய்ப் பார்த்தார்.

"ஓடுதில்ல?" என்றார் பொறியாளர்.

"ஓடுது சார். ஆனா..."

"ஓடுற வரைக்கும் ஓட்டுங்க பக்கம். நின்னா பாப்போம்."

ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டேகால் மணிக்கு நின்றது.

ஸ்ட்ரெச்சரில் இருந்தவர் ஒரு பள்ளிக்கூடத்தின் கணக்கு டீச்சர். நாற்பது வயது இருக்கும். காலையில் பள்ளிக்குப் போகும்போது ஒரு பஸ் அவருடைய வண்டியை உரசித் தள்ளியிருக்கிறது. எழுந்து, துணியைத் தட்டிவிட்டுக்கொண்டு, பள்ளிக்கே போய்விட்டார். இரண்டாவது பாடவேளையில் கரும்பலகை முன்னாலேயே சரிந்திருக்கிறார். வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது, உடனே திறக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி ஆறாம் மாடிக்கு அனுப்பியிருந்தார். கூட ஒரு ஆயாவும் கணவரும். கணவர் தண்ணீர் லாரி ஓட்டுபவர். வண்டியை நடுத்தெருவில் அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தவர். சட்டை நெஞ்சுவரை நனைந்திருந்தது.

நான்காம் மாடி தாண்டியதும் வழக்கமான குலுக்கல். அப்புறம் அடிவயிற்றில் உணரும்படி ஒரு சத்தம். லைட் போனது, ஃபேன் போனது. மூலையிலிருந்த பேட்டரி பல்பு மட்டும் மஞ்சளாக எரிந்தது.

அவர் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார். அபாய மணியை அழுத்தினார். அந்தக் கட்டடத்தில் நாளெல்லாம் ஏதாவது மணி அடித்துக்கொண்டுதான் இருக்கும், எந்த மணிக்கு யார் திரும்பிப் பார்ப்பது? உள்ளே இருந்த போனை எடுத்தார், செத்துக் கிடந்தது. செல்போன்களில் சிக்னல் இல்லை. கம்பிக்கதவை இழுத்தார். எதிரே செங்கல் சுவர். தலைக்கு மேலே ஐந்தாம் மாடி வாசலின் கீழ் விளிம்பில் விரல் அகலத்துக்கு வெளிச்சம். ஸ்டூலில் ஏறி அந்த இடுக்கில் வாயை வைத்துத் தொண்டை கிழியக் கத்தினார். பத்து நிமிடத்துக்குப் பிறகு ஒரு நர்ஸ் காதில் விழுந்தது.

"மெக்கானிக்குக்கு சொல்லியாச்சு! வந்துக்கிட்டிருக்கார்!" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

"எங்கேருந்து வரார்?"

மெக்கானிக் நகரத்தின் மறுகோடியிலிருந்து, மதிய நெரிசலில், வந்துகொண்டிருந்தார்.

கணவர் இரும்புச் சுவரை இரண்டு கைகளாலும் குத்தத் தொடங்கினார். "திறங்கடா! யாராவது திறங்கடா!" ஒவ்வொரு குத்துக்கும் பெட்டி அதிர்ந்தது. டீச்சருக்கு மூச்சு வேகமாக வாங்கியது. ஆயா அவருடைய மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்கம்மா, பயந்தா இன்னும் வேகமா அடிக்கும்" என்றார்.

டீச்சர் தலையைத் திருப்பி லிஃப்ட்காரரைப் பார்த்தார். "பையில என்னண்ணா, பேப்பர்?"

"புத்தகம்மா. கொஞ்சம் பக்கம்."

"படிங்களேன். ஏதாவது ஒரு சத்தம்... இந்தச் சத்தம் இல்லாம."

படிக்க வெளிச்சம் போதவில்லை. அவர் ஸ்டூலை ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் யாருக்கும் அவர் கதை சொன்னதில்லை. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், நடுவிலேயே ஆரம்பித்தார்.

ஆற்று நடுவில் ஒரு தீவு. அதை அளந்து வரச் சொல்லி அரசாங்கம் ஒரு சர்வேயரை அனுப்புகிறது. ஆறோ தீவைத் தினமும் அரித்துக்கொண்டிருக்கிறது. சாயங்காலமானால் தீவு ஜனங்கள் கூடாரத்தின் முன்னால் வந்து நிற்பார்கள். 'இன்னிக்கு எவ்வளவு மிச்சம் ஐயா?' முதல் நாள் சர்வேயர் உள்ளதைச் சொன்னார். அன்று தீவில் ஒரு வீட்டில்கூட அடுப்பு எரியவில்லை. மறுநாள், அளந்ததோடு இரண்டடி கூட்டிச் சொன்னார். ஜனங்கள் சமைத்துச் சாப்பிட்டார்கள். அதற்கு மறுநாள் இன்னும் இரண்டடி.

"நீளத்துலயா, அகலத்துலயா?" என்றார் டீச்சர்.

"நீளத்துலதாம்மா."

"அகலத்தையும் கூட்டணும். இல்லாட்டி பரப்பளவு இடிக்குமே. மேலதிகாரி ஒரு பெருக்கல் போட்டா மாட்டிக்குவாரு." சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் வயிறு வலித்து முகத்தைச் சுளித்தார்.

"சிரிக்காதீங்கம்மா" என்றார் ஆயா.

"அவர் சொல்லட்டும்." டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். "ஒரு நாளைக்கு ரெண்டடி பொய்யின்னா, முழு தீவும் பொய்யாப் போக எத்தனை நாள் ஆகும்? தீவோட நீளம் எவ்வளவு சொன்னீங்க?"

அவர் சொல்லவே இல்லை. அந்த இடத்தில் ஒரு எண்ணை உண்டாக்கினார். டீச்சர் உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டார். மூச்சு மெதுவானது. கணவர் இன்னும் கதவைப் பார்த்தபடியே நின்று, இடுக்கை நோக்கிக் கத்திக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் தீவில் மழை பிடித்தது. சர்வேயரின் அளவுச் சங்கிலி துருவேறியது. படகுக்காரன் ஒருத்தன் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல், தானும் தினம் ஒரு அடி கூட்டிக்கொடுக்க ஆரம்பித்தான். புத்தகத்தில் இருந்தது எது, அவர் சேர்த்தது எது என்று அவருக்கே பிடிபடவில்லை. குரல் நின்றால் டீச்சரின் விரல் ஸ்ட்ரெச்சர் கம்பியைத் தட்டும். "அப்புறம்?"

நாற்பத்தேழு நிமிடம் கழித்து மெக்கானிக் வந்து, பெட்டியைக் கையால் சுற்றி முடிந்தவரை மேலேற்றி, வெளியிலிருந்து சாவி போட்டுத் திறந்தார். அப்போதும் லிஃப்ட்டின் தரை ஐந்தாம் மாடித் தரைக்கு மார்பளவு கீழே நின்றது. மேலிருந்து நான்கு பேர் குனிந்து பிடிக்க, கீழிருந்து அவரும் கணவரும் ஆயாவும் தூக்க, ஸ்ட்ரெச்சர் சாய்வாக மேலே போனது. டீச்சரின் முகம் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. போகிற போக்கில் தலையைத் திருப்பிக் கேட்டார்:

"கடைசியில என்னண்ணா ஆச்சு?"

"திரும்பி வரும்போது சொல்றேம்மா" என்றார்.

சாயங்காலம் ஐந்தரைக்கு ஆயா வந்து சொன்னார். ஆபரேஷன் மேஜையிலேயே உயிர் போய்விட்டது. முக்கால் மணி நேரம் முந்தி வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். மூன்றாம் எண் லிஃப்ட் ஓடாததால் முதல் லிஃப்ட்டில் பார்வையாளர்களை இறக்கிவிட்டு உடலைக் கீழே கொண்டுபோனார்கள். லிஃப்ட்காரர் கடைசிவரை நான்காம் மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்.

அன்று பிணவறை வாசலில் யாரோ போனை நீட்ட, கணவர் அழுதுகொண்டே பேசினார். "எம் பொண்டாட்டி செத்துக்கிட்டிருந்தா, அந்தாளு உள்ள உக்காந்து கதை சொல்லிக்கிட்டிருந்தான்! கதை!" அந்த இருபது விநாடி வீடியோ மறுநாள் காலைக்குள் நகரம் முழுவதும் சுற்றியது. கீழே லேத் பட்டறையில் அதைப் போட்டுப் பார்த்தார்கள், பஸ்ஸில் போட்டுப் பார்த்தார்கள். லிஃப்ட்காரரின் இருபது வயது மகள் ஒரு பெரிய கடையில் செல்போன் விற்கும் பிரிவில் வேலை பார்த்தாள். அவள் நின்ற மேஜையில், விற்பனைக்கு வைத்த போனிலேயே யாரோ அதைப் போட்டுப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்:

"அந்த நேரத்துலயாப்பா? உங்களுக்கு வேற நேரமே கிடைக்கலையா?"

"அவங்கதாம்மா கேட்டாங்க."

"அவங்க எப்படி வந்து சொல்லுவாங்க இப்ப?"

அவள் உள்ளே போய்ப் பாதி அறையின் திரையை இழுத்து மூடிக்கொண்டாள். அதன் பிறகு அவரோடு பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

விசாரணைக்கு மூன்று பேர் உட்கார்ந்தார்கள். நடுவில் இருந்தவர் கேட்டார்: "வேலை நேரத்துல புத்தகம் படிப்பீங்களா?"

"படிப்பேன் சார்."

"எத்தனை வருஷமா?"

"இருபத்துமூணு வருஷமா சார்."

"சம்பவத்தன்னிக்கு கையில புத்தகம் இருந்துச்சா?"

"பதினாறு பக்கம் இருந்துச்சு சார்."

ஓரத்தில் இருந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்து எழுதினார். லிஃப்ட்காரர் புகார்ப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னார். ஏழு தடவை, தேதியோடு. கொண்டுவரச் சொன்னார்கள். வந்தது, ஒரு புதுப் புத்தகம். முதல் பக்கத்தில் போன மாதத் தேதி. பழையது தேடியும் கிடைக்கவில்லை என்று பொறியாளர் எழுதிக் கொடுத்திருந்தார். ஆயாவைக் கூப்பிட்டார்கள். ஒப்பந்த வேலை, எந்த நாளும் நிறுத்திவிடலாம். ஆயா அவர் முகத்தைப் பார்க்காமல், "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லைங்க" என்றார். கணவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குமூலம் கோப்பில் இருந்தது. விசாரணை 'ஊழியரின் கவனக்குறைவு' என்று முடிந்தது.

தற்காலிக வேலைநீக்கத்தில் லிஃப்ட்காரர் நான்கு மாதம் வீட்டில் இருந்தார். இருபத்துமூன்று வருடமாக ஏங்கிய ஓய்வு, சாக்கு நிறையப் புத்தகம், ஆனால் படிக்க முடியவில்லை. கண் பார்த்தது, எழுத்துத் தெரிந்தது, வார்த்தையும் புரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் எழவில்லை. மலை என்று படித்தால் மலை வரவில்லை, மை வந்தது. அவரைச் சுற்றி இருந்த சுவர் ஒன்று இடிந்து விழுந்துவிட்டது. லேத் சத்தம், தையல் மெஷின், பக்கத்து வீட்டு டிவி, ஹாரன், மாடிப்படியில் யாரோ யாரையோ திட்டுவது எல்லாம் நேராக மண்டைக்குள் வந்தன. கேட்காத இடது காதுகூட இரைந்தது. ஒரு நாள் தலையணையை இரண்டு காதுக்கும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, மனைவி மெஷினை நிறுத்தினார். அப்புறம் மறுபடி மிதித்தார். சீருடை நாளைக்குக் கொடுக்க வேண்டியது.

ஐந்தாம் மாதம் சலவைப் பிரிவில் போட்டார்கள். தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறை. அண்டா அண்டாவாகத் துணி சுழலும் மெஷின்கள். ரத்தக்கறை படிந்த விரிப்புகளைப் பிரித்துப் போடுவது அவர் வேலை. பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. எப்போதும் கை ஈரம். அங்கே யாரும் அவரைப் 'பக்கம்' என்று கூப்பிடவில்லை.

வாக்குமூலம் கொடுத்த கணவர் எட்டாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தார். பட்டறைக்கு விடுமுறை, வீடு கொஞ்சம் அமைதியாக இருந்தது. கதவைத் திறந்த மனைவிக்கு ஆளைத் தெரியவில்லை. உள்ளே இருந்து அவர் பார்த்தார், எழுந்து நின்றுவிட்டார்.

"நான் சண்டைக்கு வரலண்ணே" என்றார் வந்தவர்.

"உள்ள வாங்க."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். சாக்குகளைப் பார்த்தார்.

"நாப்பத்தேழு நிமிஷம்ணே. நான் கதவைப் பாத்துக்கிட்டே நின்னேன். அவ என் முதுகுக்குப் பின்னாலதான் இருந்தா. ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கல நான்." கைகளைப் பார்த்துக்கொண்டார். "நடுவுல அவ சிரிச்ச சத்தம் கேட்டுச்சு. எனக்கு எவ்வளவு ஆத்திரம் வந்துச்சு தெரியுமா? நான் இங்க உயிரை விட்டுக்கிட்டிருக்கேன், இவளுக்கு என்ன சிரிப்புன்னு. அவ கடைசியாச் சிரிச்சது அதுதான். எதுக்குச் சிரிச்சான்னு எனக்குத் தெரியாது."

மனைவி அடுப்படி ஓரத்தில் நின்றார்.

லிஃப்ட்காரர் சொன்னார். தீவு, சர்வேயர், இரண்டடி. விசாரணையில் பேசியது போல ஒப்பித்தார். பரப்பளவு இடிக்கும் என்று டீச்சர் சொன்ன இடம் வந்ததும், வந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

"அதான். அவ அப்படித்தான்" என்றார். "லாரியில தண்ணி சிந்துமில்ல, கூட உக்காந்து வந்தான்னா, ஒரு மைலுக்கு எத்தனை குடம் சிந்துதுன்னு கணக்குப் போடுவா. சண்டை போடுவேன். பேசாம வாடீன்னு." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "திரும்பி வரும்போது சொல்றேன்னீங்க. அது மட்டும் என் காதுல விழுந்துச்சு. மிச்சத்தைக் கேக்கத்தான் வந்தேன்."

"அந்தப் புத்தகத்துல கடைசி இல்ல. கிழிஞ்சு போச்சு."

"அப்ப ஏன் சொல்றேன்னீங்க?"

அவர் குனிந்து ஒரு சாக்கின் வாயை இழுத்துக் கட்டினார்.

"அவ வந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அந்தக் கதைக்கு அவர் மூன்று முடிவு வைத்திருந்தார். ஒன்றில் ஜனங்கள் படகேறிப் போகிறார்கள். இன்னொன்றில் எல்லாரும் போன பிறகு சர்வேயர் மட்டும் நின்று அளந்துகொண்டிருக்கிறார். மூன்றாவதை அவருக்கே பிடிக்காது.

"ஆறு தடம் மாறிப் போச்சுன்னு சொல்லியிருப்பேன்" என்றார். "தீவு தப்பிச்சுதுன்னு."

"அப்படி மாறுமா?"

"சில ஆறு மாறும்."

"இந்த ஆறு?"

"இது மாறாது."

வந்தவர் வெகுநேரம் தலையாட்டிக்கொண்டே இருந்தார். மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். குடித்துவிட்டு எழுந்தார். வாசலில் நின்று, "கையெழுத்துப் போட்ட அன்னிக்கு அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னே நான் படிக்கலண்ணே. போடுன்னாங்க, போட்டேன். போய் மாத்திச் சொல்றேன்" என்றார்.

போனார், சொன்னார். கோப்பு முடிந்துவிட்டது, இனி திறக்க வழியில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அதை போனில் தெரிவித்தவர், பிறகு வரவில்லை. இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட்காரர் மதியத்தில் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் அதையும் விட்டுவிட்டார். ஒரே ஒரு முறை சிக்னலில் பஸ்ஸுக்கு இணையாக ஒரு தண்ணீர் லாரி நின்றது. ஓட்டுபவர் இந்தப் பக்கம் திரும்பினார். பார்த்தாரா என்று தெரியவில்லை. பச்சை விழுந்துவிட்டது.

டீச்சரின் கணவர் வீட்டுக்கு வந்துபோன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "அந்த சர்வேயர் பொய் சொன்னது எனக்கொண்ணும் தப்பாத் தெரியல" என்றார். அவர் நிமிர்ந்து பார்த்தார். புத்தகத்தைப் பற்றி மனைவி பேசியது அதுதான் முதல் தடவை. மேலே ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தார். மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது.

மூன்றாம் எண் லிஃப்ட்டை அடுத்த வருடம் மாற்றினார்கள். தானாகத் திறந்து மூடும் கதவு, ஆள் தேவையில்லை. சலவைப் பிரிவில் ஆறரை வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். பிரிவுபசாரத்தில் அவருடைய முழுப் பெயரைப் படித்தபோது, யாரைச் சொல்கிறார்கள் என்று சிலர் திரும்பிப் பார்த்தார்கள். மகள் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். வாரம் ஒரு முறை போன் செய்வாள், மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்பாள். அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி அவளும் எடுத்ததில்லை, அவரும் எடுத்ததில்லை.

படிப்பு திரும்ப வந்தது, ஆனால் முழுசாக வரவில்லை. இப்போதும் பகலில் ஜன்னலோரம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்வார். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். சில நாள் திடீரென்று ஒரு தெரு, ஒரு மழை, முன்பின் தெரியாத ஒருவரின் சமையலறை எழுந்து நிற்கும். அன்றைக்கு மனைவி இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருக்கும். பல நாள் எழுத்து எழுத்தாகவே கிடக்கும். அப்போது புத்தகக் கட்டைச் சாக்கில் போட்டுவிட்டு எழுந்துபோய், மனைவி தைத்துக் குவித்திருக்கும் சீருடைச் சட்டைகளில் ஒன்றை மடிக்கு இழுத்து, பட்டன் தைக்க ஆரம்பிப்பார்.